எதிரெதிர் பெஞ்சு

நுக்குவாலோஃபா
பிப்ரவரி 6

அன்புத் தங்கை தலஹிவாவுக்கு,

இந்தக் காலையையும் காணக் கொடுத்தவருக்கு நன்றி. நான் நலம். நீயும் அப்பாவும் ஃபுசி அத்தையும் நலமா? அப்பாவின் பாதத்துப் புண் எப்படி இருக்கிறது? திங்களும் வெள்ளியும் தவறாமல் ஃபங்காவுக்குப் போய்க் கட்டு மாற்றிக்கொள்கிறாரா? சர்க்கரைப் புண் ஒரு வாரம் கவனிக்காவிட்டால் போதும் என்று இங்கே தலைநகரில் டாக்டர் பயமுறுத்துகிறார்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் மாட்டாலேயில் சிக்னல் கிடைப்பது சபைக் கூடத்துப் படியில்தான். அங்கே நின்று பேசினால் உனக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் கப்பலில் கடிதம்.

நம் மோட்டுலோவாத் தீவுக்குப் போக்குவரத்துத் திட்டம் போடும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. டீசல் இல்லாத வண்டி. ஃபங்காத் துறையில் சூரியத் தகடு வைத்து அங்கேயே பேட்டரியை நிரப்பிக்கொள்ளும். ஒரே சாலை, ஆறு கிலோமீட்டர், இந்த முனையில் நம் ஊர், அந்த முனையில் துறையும் சுகாதார நிலையமும் பள்ளியும். எங்கள் தலைவர் சிரித்துக்கொண்டே, "உன் ஊருதானே, உனக்குத் தெரியாததா?" என்றார்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். மூன்று வாரம் சாலையில் உட்கார்ந்து, யார், எந்த நேரத்தில், எதற்காக, எப்படிப் போகிறார்கள் என்று எண்ணித் தருவாயா? நம் வீட்டில் எண்களில் கெட்டிக்காரி நீதான். அதை நான் மறக்கவில்லை.

மழைக்காலம், கொதித்த நீரைக் குடியுங்கள். அப்பாவின் கன்னத்தில் என் கன்னம்.

உன் அக்கா,
அகனேசி


மாட்டாலே
மார்ச் 12

அன்புள்ள அக்கா,

எல்லோரும் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறோம், நன்றி. உன் இருமல் போயிற்றா? அப்பாவின் புண் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. நர்ஸ் அவரைப் பாராட்டினாள். அவர் அதை மூன்று வீடுகளில் சொல்லிவிட்டு வந்தார்.

நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். இருபத்தொரு நாள், காலை ஐந்து முதல் மாலை ஆறு வரை. பள்ளிக்கு முன்பும் பின்பும் ரொட்டிமர நிழலில் உட்கார்ந்தேன், நடுவில் என் வகுப்புப் பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து எண்ணச் சொன்னேன். முதல் நாள் என் கையில் நோட்டைப் பார்த்ததும் லிசியாதே போதகரின் லாரியை நிறுத்தினான்.

"என்ன, பரலோகத்துக்குப் பேர் எழுதறியா?"

"ஆமா. உன் பேரு மட்டும் இல்ல."

"பரவால்ல. அங்க ஓட்டுறதுக்கு ஆள் வேணும்ல, கூப்பிடுவாங்க."

அவன் வவாவூத் தீவிலிருந்து இந்த ஊருக்கு வந்த மருமகன். இங்கே எந்தப் பெண்ணுக்கும் அவன் அண்ணன் தம்பி முறை இல்லை. அதனால்தான் வாய் அவ்வளவு நீளம்.

நீ கேட்டபடி ஒவ்வொரு பயணத்தையும் எழுதியிருக்கிறேன். திங்கள், வெள்ளி காலைகளில்தான் கூட்டம் அதிகம், கட்டு மாற்றும் நாட்கள். அத்தைக்கும் இப்போது அதே நாள்தான், அவளுக்குக் குதிகாலில். அத்தை லாரியின் முன்னால், லிசியாதேயின் பக்கத்தில். அப்பா பின்னால் திறந்த பலகையில், அத்தைக்கு முதுகு காட்டி. அத்தை லிசியாதேயிடம் கேட்பாள்: "பின்னால இருக்கறவருக்குக் கால் நீட்ட இடம் இருக்கா?" அப்பாவும் அவனிடமே சொல்வார்: "முன்னால இருக்கறவங்களுக்குச் சொல்லு, தாராளமா இருக்குன்னு." அறுபது வயது தாண்டியும் அக்காள் தம்பி மரியாதை விடாமல், இந்தக் கூடப்பிறந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் முகத்துக்கு முகம் உட்கார்ந்ததில்லை. இதையெல்லாம் நோட்டில் எழுதவில்லை. உனக்குத் தெரியாததா.

நீ அனுப்பிய புத்தகங்களை முடித்துவிட்டேன். ஓரங்களில் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். நான் போட்டிருந்தால் வேறு இடங்களில் போட்டிருப்பேன். ஞாயிறு ஆராதனையில் உன் திட்டத்துக்காக ஜெபித்தார்கள். என் நோட்டுக்காக யாரும் ஜெபிக்கவில்லை. வேடிக்கைக்குச் சொல்கிறேன்.

குளிர்ந்த நீரில் தலை குளிக்காதே.

உன் தங்கை,
தலஹிவா


நுக்குவாலோஃபா
ஏப்ரல் 23

அன்புத் தங்கைக்கு,

நலம், நன்றி. உங்கள் நலத்தை அறிய ஆவல். உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு நல்ல மீன் கிடைத்ததா? இங்கே நான் தனியாக டின் மீன் சாப்பிட்டேன்.

உன் நோட்டு இல்லாமல் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. அலுவலகத்தில் எல்லோரும் வியந்தார்கள். இவ்வளவு துல்லியமாக எந்தத் தீவிலிருந்தும் எண்கள் வந்ததில்லையாம். அறிக்கையின் பிரதியையும் வண்டியின் வரைபடத்தையும் அனுப்புகிறேன். பதினான்காம் பக்கத்தில், "விவரங்கள் உள்ளூர் உதவியாளர் ஒருவரால் திரட்டப்பட்டன" என்று போட்டிருக்கிறோம். பெயர் போடும் வழக்கம் இல்லை என்றார்கள்.

வண்டி பன்னிரண்டு பேருக்கானது. மூடிய கூரை, கண்ணாடி ஜன்னல், தூசியும் மழையும் உள்ளே வராது. இரண்டு நீளப் பெஞ்சு, எதிரெதிராக, ஆறு பேரும் ஆறு பேரும். முழங்கால்கள் கொஞ்சம் இடிக்கும், ஆனால் நடுவில் மூட்டை வைக்கலாம். முகம் பார்த்துப் பேசிக்கொண்டே போகலாம். கால் முடியாதவர்களுக்குத் தாழ்வான படி. அந்தப் படியை வரையும்போது அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

நிதி கொடுப்பவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். புது வண்டியைக் கொண்டுவரும் கப்பலிலேயே டீசல் லாரியை ஏற்றி அனுப்பிவிட வேண்டும். போதகர் சம்மதித்துவிட்டார்.

நீ ஒருமுறை நன்றாகப் பார். தவறு ஏதாவது கண்ணில் பட்டால் மே மாத முடிவுக்குள் எழுது. அதற்குப் பிறகு ஒரு ஆணியைக்கூட மாற்ற விடமாட்டார்கள்.

அப்பாவின் கால் எப்படி? அத்தையின் குதிகால்? எழுது.

அகனேசி


மாட்டாலே
மே 7

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நீ தனியாக டின் மீன் சாப்பிட்டதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இனி அப்படி எழுதாதே.

வரைபடத்தை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். கோடுகள் மிகவும் சுத்தமாக இருக்கின்றன. கண்ணாடி ஜன்னல் நல்ல யோசனை. பெஞ்சுகள் எதிரெதிராக இருக்கின்றன, இடம் மிச்சம். படி தாழ்வாக இருக்கிறது. குறை எதுவும் என் கண்ணில் படவில்லை.

அப்பா படத்தைக் கையில் வாங்கி, "படி எவ்வளவு உயரம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "என் பொண்ணு நெனச்சுப் பாத்திருக்கா" என்றார். அத்தை கண்ணாடி போடாமல் எட்டத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அழகா இருக்கு. உங்க அம்மா தவறின வருஷம், ஒருத்திதான் நியூசிலாந்துக்குப் படிக்கப் போக முடியும், மூத்தவளே போகட்டும்னு நான் சொன்னேனே, தப்பா?"

"இல்ல அத்தை."

"பாத்தியா."

அத்தை சொன்னால் நம் வீட்டில் மறுபேச்சு இல்லை. அதற்கு நாம் எழுதிய பரீட்சையில் யாருக்கு எத்தனை மதிப்பெண் அதிகம் என்பது அவளுக்கு ஞாபகமில்லை. எனக்கும் இப்போது சரியாக ஞாபகமில்லை. பதினொன்று.

பதினான்காம் பக்கத்தைப் படித்தேன். அந்த உதவியாளர் நல்ல உழைப்பாளி போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் அலையாதே.

தலஹிவா


நுக்குவாலோஃபா
ஜூன் 20

என் அன்புத் தங்கைக்கு,

இன்று நான் மிகவும் நலம்! நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும்.

திட்டம் ஒப்புதல் பெற்றுவிட்டது. கூட்டத்தில் ஒருவர், "ஊர் மக்கள் ஒத்துக்குவாங்களா, யாராவது பாத்தாங்களா?" என்று கேட்டார். நான் உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். "குறை எதுவும் என் கண்ணில் படவில்லை." அங்கேயே வாழ்கிறவள், என் தங்கை, என்றேன். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்கவில்லை. உன் கடிதத்தையும் கோப்பில் சேர்த்துவிட்டார்கள். உன் வார்த்தைதான் அதைக் கரை சேர்த்தது, தலஹிவா.

வண்டி ஜூலை ஒன்பதாம் தேதிக் கப்பலில் வருகிறது. நான் வர முடியாது. சுவாவில் தீவுகளுக்கான கூட்டம், என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். ரிப்பனை என் சார்பில் நீ வெட்ட வேண்டும். லிசியாதேதான் ஓட்டுநர். கால அட்டவணை இத்துடன்.

அப்பாவுக்குப் புதுச் செருப்பு அனுப்புகிறேன், முன்பக்கம் மூடியது. போட வை.

அகனேசி


மாட்டாலே
ஜூலை 30

அன்புள்ள அக்கா,

நலம். சுவாவில் நன்றாகப் பேசியிருப்பாய். உணவு ஒத்துக்கொண்டதா?

விழா நன்றாக நடந்தது. மூன்று பன்றி, எட்டுப் பாய் நிறையச் சேனையும் கிழங்கும். லாரியைக் கப்பலில் ஏற்றும்போது லிசியாதே அதன் மூக்கில் தட்டிக்கொடுத்தான். போதகர், "அகனேசி இந்த ஊருக்குக் கிடைச்ச வெளிச்சம்" என்றார். ஊர் அதிகாரி என்னை மேடைக்கு அழைத்தார். "இதோ, அகனேசியோட தங்கச்சி." என் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். கத்தரிக்கோல் மழுங்கியிருந்தது, இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது.

வண்டி சத்தமே இல்லாமல் போகிறது. கோழிகள் விலகுவதில்லை. லிசியாதே ஜன்னலில் தலையை நீட்டி வாயால் ஹாரன் அடிக்கிறான்.

மக்கள் நடக்கிறார்கள். நடப்பது உடம்புக்கு நல்லது என்கிறார்கள். பழகக் கொஞ்ச நாள் ஆகும் போலிருக்கிறது.

அப்பாவின் கால் அப்படியே இருக்கிறது. செருப்பு பொருந்துகிறது.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

தலஹிவா


நுக்குவாலோஃபா
ஆகஸ்ட் 14

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே எல்லோரும்? அப்பாவின் கால் "அப்படியே" என்றால் என்ன? ஆறிக்கொண்டு வந்ததே.

ஒரு விஷயம் புரியவில்லை. பேட்டரி எவ்வளவு செலவாகிறது என்று இங்கேயே எங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டியின் செலவு இல்லை அது. காலி வண்டியின் செலவு. ஊர் அதிகாரிக்கு எழுதினேன். "மக்கள் மிகுந்த நன்றியுடன் இருக்கிறார்கள், எந்தப் புகாரும் இல்லை" என்று பதில் வந்தது. நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பரிசு கொடுத்தவரிடம் பரிசு கிழிந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வார்கள்.

நீ சொல். நீ சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டே இருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகனேசி


மாட்டாலே
செப்டம்பர் 11

அக்கா,

அப்பா இந்தக் கடிதத்தோடு அதே கப்பலில் வருகிறார். நர்ஸ் கூட வருகிறாள். இரண்டு விரல் கறுத்துவிட்டன. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்கிறாள். துறைக்கு ஆளோடு வரும்படி அவள் உனக்குப் போனில் சொல்லியிருப்பாள். நான் பரீட்சை நடத்த வேண்டும், வேறு ஆசிரியர் இல்லை, அதனால் வர முடியவில்லை.

நீ கேட்டதற்கு முன்பே பதில் எழுதியிருக்க வேண்டும். இப்போது எழுதுகிறேன்.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் திங்கள் அத்தை முதலில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா படியில் கால் வைத்தார். தாழ்வான படிதான். உள்ளே பார்த்தார். எதிர் பெஞ்சு காலியாக இருந்தது, அத்தையின் முழங்காலுக்கு நேரே. அவர் இறங்கிவிட்டார்.

"என்ன, ஏறுங்க" என்றான் லிசியாதே.

"இல்லப்பா. காத்து நல்லா இருக்கு. நடக்கறேன்."

அத்தை உடனே எழுந்தாள். "எனக்கும் உள்ள மூச்சு முட்டுது. கண்ணாடி போட்டு அடைச்சு வெச்சிருக்காங்க."

அக்காளின் இடத்தைத் தம்பி எடுத்துக்கொள்ள முடியாது. தம்பி நடக்கும்போது அக்காள் வண்டியில் போக மாட்டாள். இருவரும் நடந்தார்கள். சாலையின் அந்த ஓரம் அவர், இந்த ஓரம் அவள், தலையைக்கூடத் திருப்பாமல். பின்னால் உன் வண்டி, காலியாக, நடை வேகத்தில். லிசியாதே கெஞ்சிக்கொண்டே வந்தான். "யாராவது ஒருத்தர் ஏறுங்களேன், எனக்கு வெக்கமா இருக்கு!" ஆறு கிலோமீட்டரும் அப்படியே.

அவர்கள் இருவர் மட்டுமல்ல, ஒன்றுவிட்ட அக்கா தங்கையும் நமக்குக் கூடப்பிறந்தவர்கள்தானே. வெளித்தீவிலிருந்து மருமகளாக வந்தவர்களை விட்டால், நம் ஊரில் அப்பாவுக்கு அக்கா தங்கை முறை இல்லாத பெண்கள் நீயும் நானும்தான். எல்லோருக்கும் இதே கதை. ஒரே வாரத்தில் வண்டி காலியாகிவிட்டது. யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்வதே மரியாதைக் குறைவு.

அதற்குப் பிறகு அப்பா விடியுமுன் எழுந்து தனியாக நடந்து போய்விடுவார், அத்தையாவது வண்டியில் வரட்டும் என்று. அவர் முன்னால் நடந்து போனது தெரியாமல் அவளும் ஏறி வருவாள். குதிரையில் ஏறக் கால் இடம் கொடுக்கவில்லை. எட்டு வாரம் நடந்தார்.

அவர் உப்பு கேட்பார். கொடுக்காதே.

தலஹிவா


நுக்குவாலோஃபா
செப்டம்பர் 29

அன்புத் தங்கைக்கு,

அப்பா உயிரோடு நலமாக இருக்கிறார், முதலில் அதற்கு நன்றி. நீ எப்படி இருக்கிறாய்? அத்தை?

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று டாக்டர் சொல்கிறார். இப்போது என் வீட்டில் இருக்கிறார். காலையும் மாலையும் நான்தான் கழுவிக் கட்டுகிறேன். மாதக்கணக்கில் இங்கேயே இருக்க வேண்டியிருக்கும்.

எப்படி மறந்தேன், தலஹிவா? நான் பேருந்திலும் விமானத்திலும் அந்நிய ஆண்களுக்கு எதிரே உட்கார்ந்து ஏழு வருடம் ஆகிறது. நமக்கு அண்ணன் தம்பி இல்லை. வரையும்போது என் மனதில் வந்ததெல்லாம் ஆட்கள்தான், பன்னிரண்டு ஆட்கள். அவர்களில் யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

நீயும் கவனிக்கவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல். படத்தில் பார்க்கும்போது தெரியாதுதான்.

அலுவலகத்தில் விசாரித்தார்கள். யாரும் சரிபார்க்கவில்லை, முழுத் தவறும் என்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டேன். உன் பெயர் இதில் அடிபடக் கூடாது. அக்டோபர் கடைசியில் ஊர்க்கூட்டத்துக்கு வந்து நேரில் மன்னிப்புக் கேட்பேன். இரண்டு நாள்தான். அப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும்.

தைரியமாக இரு.

அகனேசி


மாட்டாலே
நவம்பர் 5

அகனேசி,

நீ கப்பல் ஏறி ஒன்பது நாள் ஆகிறது. நீ இங்கே இருந்த இரண்டு நாளும் உன்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். எழுதுவதுதான் எனக்கு வரும்.

கூட்டத்தில் நீ மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாய், தலை குனிந்து. நீ பேசி முடிக்கும் முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். கிழவர் மனாசே எழுந்து, "நம்ம பிள்ளை. மறந்துட்டா. நாங்களும்தான் வாயைத் திறக்கல" என்றார். லிசியாதே, "அப்ப நான் மூணு மாசமா காத்தை ஏத்தி ஏத்தி எறக்கிட்டு இருந்தேனா?" என்று கேட்க, அழுதவர்கள் சிரித்தார்கள். அத்தை உன்னைத் தூக்கி நிறுத்தினாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று போல உன்மேல் எனக்கு என்றும் பொறாமை வந்ததில்லை.

நீ போன மறுநாள் லிசியாதே ரம்பத்தை எடுத்தான். பெஞ்சுகளைப் பெயர்த்து முன்பக்கம் பார்க்கத் திருப்பினான், நடுவில் பலகை அடித்தான், கண்ணாடியைக் கழற்றினான். பெண்களுக்கு முன்கதவு, ஆண்களுக்குப் பின்கதவு. இரண்டு நாள் வேலை. இப்போது வண்டி நிறைந்து போகிறது.

இரண்டு நாள் வேலை என்று எனக்கு மே மாதமே தெரியும்.

படத்தைப் பிரித்த அந்தக் கணமே பார்த்தேன். நீ ஆறுதல் பட்டுக்கொள்ள வேண்டாம். பெஞ்சுகளைப் பார்த்தேன், அத்தையை ஒன்றில் வைத்தேன், அப்பாவை மற்றதில் வைத்தேன், சிரித்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்போது பதினான்காம் பக்கம் வந்தது. அறிக்கையில் எல்லோரும் படித்துப் பாராட்டிய எண்கள் என்னுடையவை. அவற்றின் சொந்தக்காரி ஓர் உதவியாளர். சரி, உதவியாளருக்கு இது எப்படித் தெரியும், திட்டம் போட்டவளே கண்டுபிடிக்கட்டும் என்று பேனாவை வைத்தேன். ஒரு சின்ன அவமானம் உனக்கு நேர வேண்டும் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் சிரிப்பார்கள், நீ சிவந்துபோவாய், பிறகு சரிசெய்துவிடுவாய். அவ்வளவுதான் நினைத்தேன்.

அப்பா நடந்ததை எழுதினேன், இல்லையா? அதில் ஒன்றை விட்டுவிட்டேன். முதல் இரண்டு முறை அவர் போனது எனக்குத் தெரியாது, தூங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவர் செருப்பைத் தேடுவது கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை. உன் வண்டி காலியாக நிற்பதை இன்னும் ஒரு நாள் ஊர் பார்க்கட்டும் என்று படுத்திருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டது.

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நீதான் எனக்கு வழி செய்து வைத்துவிட்டாயே. "யாரும் சரிபார்க்கவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறாய். அந்த 'யாரும்' நான்தான். படிப்பு உனக்குப் போயிற்று. எண்கள் உனக்குப் போயின. இந்த வீட்டில் நான் எதற்காக இருந்தேனோ அந்த அப்பாவும் இப்போது உன் வீட்டில். கடைசியில் நான் செய்த தவறையும் நீ எடுத்துக்கொண்டு, அதற்கும் அழுகையும் அணைப்பும் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். அது என்னுடையது. திருப்பிக் கொடு.

என் மே மாதக் கடிதத்தைக் கோப்பில் மறுபடி வை. இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. ஒரு வரியையும் விடாதே.

தலஹிவா


நுக்குவாலோஃபா
நவம்பர் 20

தலஹிவா,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்க எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தை முதலில் நான் தனியாகப் படித்தேன். அன்று உன்னை என் தங்கை என்று நினைக்க முடியவில்லை. ஒவ்வொரு நாளும் அந்தக் காலைக் கழுவுகிறவள் நான். விரல்கள் இருந்த இடத்தைப் பார்க்கிறவள் நான். நான்கு நாள் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தேன். கிழித்துவிடலாமா என்றும் நினைத்தேன். பிறகு பதினான்காம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். பெயர் போடும் வழக்கம் இல்லை என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, தலஹிவா. நான் கேட்கவே இல்லை. பரீட்சையிலேயே நீ எனக்கு முன்னால் இருந்தாய் என்பது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. பதினொன்று.

உன் கடிதம் மறுபடி கோப்பில் இருக்கிறது. கூடவே நான் எழுதிய ஒரு பக்கமும் இருக்கிறது, அந்த எண்கள் யாருடையவை என்று.

ஞாயிறு மதியம் அப்பாவுக்கு வாசித்தேன். ஒரு வரியும் விடவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார். பிறகு கேட்டார்.

"சாப்பிடறாளா?"

"அதை எழுதலப்பா."

"நலமா இருக்கேன்னாவது எப்பவும் எழுதுவாளே. முதல் வரியில எழுதுவாளே."

"இதுல எழுதல."

அதற்குத்தான் அவருக்குக் கோபம் வந்தது. கம்பைத் தரையில் தட்டினார். "தனியா இருக்கா அந்த வீட்டுல. ரெண்டு மாசமா தனியா இருக்கா. நீ போய்ட்டு வந்தியே, பாக்கலையா?" நான் பார்க்கவில்லை.

"அப்பா, அவ செஞ்சதுக்கு நீங்க என்ன சொல்றீங்க? நான் எழுதணுமே."

"உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நிறையச் சொல்லணும் எனக்கு. இருக்கு, இங்க, நெஞ்சு முட்ட இருக்கு. அதை அவகிட்டதான் சொல்வேன். வரச் சொல்லு."

இரண்டு மாதமாக அவருக்குக் கஞ்சி வைத்து, மருந்து கொடுத்து, இரவில் இரண்டு முறை எழுந்து பார்க்கிறேன். ஒருமுறைகூட அவர் நான் சாப்பிட்டேனா என்று கேட்டதில்லை. எனக்கு எல்லாம் நன்றாகவே நடக்கும் என்று நம்புகிறார். பொறாமை உனக்கு மட்டும் சொந்தம் என்று நினைக்காதே.

பள்ளி விடுமுறை விட்டதும் வா. பத்திரமாக வா.

அகனேசி


மாட்டாலே
டிசம்பர் 3

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன், நன்றி. அப்பாவிடம் சொல், சாப்பிடுகிறேன். அத்தை தினமும் கிழங்கு அனுப்புகிறாள். அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கிழங்கு வந்தது, உப்பில்லாமல்.

பதினெட்டாம் தேதிக் கப்பலில் வருகிறேன். காலை பத்து மணிக்கு வந்து சேருமாம். துறைக்கு வராதே, வழி கேட்டு வந்துவிடுவேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை. மாலை வரை நீ அலுவலகத்திலேயே இரு. அப்பா பேசும்போது நீ வீட்டில் இருக்கக் கூடாது. நீ இருந்தால் நடுவில் வந்து, அவளை விடுங்கப்பா என்பாய், பாதித் திட்டு உன் பக்கம் திரும்பிவிடும்.

அதில் ஒரு சொல்லைக்கூட உனக்குத் தர மாட்டேன்.

உன் இருமல் எப்படி இருக்கிறது? எழுது.

உன் தங்கை,
தலஹிவா